நான்காவது நிறுத்தம்

பத்து மணிக்கு ஓபரா அரங்கின் படிக்கட்டில்
மஞ்சள் குடையை விரிக்கிறேன். மழை இல்லை.
குடை எனக்கல்ல,
பலெர்மோவின் சந்துகளில் என்னைத் தொலைக்கப்போகும்
பதினோரு பேருக்கு.
"என் பெயர் நுன்சியா.
காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் கை தூக்குங்கள்."
தூக்குகிறார்கள்.
"தப்பு செய்துவிட்டீர்கள்."
இந்த இடத்தில் சிரிப்பு வரும். வந்தது.

காப்போ சந்தையில் சிவப்புத் தார்ப்பாயின் வெளிச்சம்
மீன்மேல் விழுந்து
நேற்றைய மீனை இன்றைய மீனாக்குகிறது.
அதை நான் சொல்வதில்லை.
கொண்டைக்கடலை மாவைக் கிண்டிப் பரப்பி
வெட்டி எண்ணெயில் விட்ட பானெல்லெ,
சூடு தாங்காமல்
கைக்குக் கை தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள்.
ஓஸ்லோ பல் மருத்துவர்
இது என்ன மாவு என்று இரண்டாம் முறை கேட்கிறார்.
இரண்டாம் முறையும் கடலை மாவுதான்.

சாலை கடக்க ஒரே விதி:
ஸ்கூட்டர்காரன் கண்ணைப் பார்க்காதீர்கள்.
பார்த்துவிட்டால் ஒதுங்க வேண்டியது நீங்கள்.

நாற்சந்தியின் மூலைக்கு மூலை
ஒரு பருவம், ஒரு ராஜா, ஒரு புனிதை.
நான் பேசும் ஆறு நிமிடமும் இவர்கள் பார்ப்பது
வாடகை வண்டியின் குதிரையை.
நியாயம்தான். அதற்கு உயிர் இருக்கிறது,
வைக்கோல் தொப்பியும்.

மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கத்த
வெங்காய ரொட்டி வந்து போயிற்று.
கத்துகிறவர் இறந்து நாளாயிற்று;
மகன் குரலை மாற்றவில்லை, வியாபாரம் நடக்கிறது.

போரில் கூரை போன வீடொன்று,
மாடிச் சுவரில் இன்னும் நீலப் பூத்தாள்.
எப்போது கட்டுவார்கள் என்றாள் ஒருத்தி.
அடுத்த வருடம், என்றேன்.
நான் பிறந்தபோதும் அடுத்த வருடம்தான்.

அப்புறம் நான்காவது நிறுத்தம்.
அட்டவணையில்: மண்ணீரல் ரொட்டி, இருபது நிமிடம்.
சாய்த்து வைத்த கொப்பரைக்குப் பின்னால்
பன்றிக் கொழுப்பின் புகையில் கலோஜெரோ.
ஒன்பது வருடம் என் கணவன்.
ஐந்து வருடமாக என் நான்காவது நிறுத்தம்.

ஊரில் வேறு கடை இல்லையா? இருக்கிறது.
எல்லாவற்றிலும் தின்று பார்த்தேன்.
ஒன்றில் ரொட்டி வறட்டி, ஒன்றில் எலுமிச்சை கஞ்சம்.
நீதிபதியிடம் என்னென்னவோ சொன்னேன் அவனைப் பற்றி,
ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எலுமிச்சை மட்டும் பிழிந்தால் இதன் பெயர் ஒண்டிக்கட்டை.
பாலாடைக்கட்டி துருவினால் கல்யாணமானது."
இங்கேயும் சிரிப்பு வரும்.
அவன் கொப்பரையைக் கிளறுவான்.
எங்களுக்குள் பேச்சு எண்ணிக்கை மட்டும்:
"பதினொன்று."
"பதினொன்று."

ஒண்டியா, கல்யாணமா என்று வரிசையாகக் கேட்கிறான்.
பல் மருத்துவர் மனைவியைப் பார்க்கிறார்.
மனைவி யோசிக்காமல் ஒண்டி என்கிறாள்.
கடைசியில் நின்ற மாணவன்
கல்யாணமானது என்று கேட்டு வாங்கி,
உள்ளே இருப்பது என்னவென்று அப்போதுதான் விளங்கி,
வெளிறிப்போய்க் கல்மேடையில் திருப்பி வைத்தான்.

காகிதத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.
கலோஜெரோ அதை என் பக்கம் நகர்த்தினான்.
"வீணாப்போகும்."
ஐந்து வருடத்தில் எண் அல்லாத முதல் சொல்.

கல்யாணமானதை நான் தின்பதில்லை, அவனுக்குத் தெரியும்.
குடையை அக்குளில் இடுக்கி
நின்றபடியே தின்றேன், கடைசித் துணுக்குவரை,
விரலில் ஒட்டிய கட்டியோடு.
"உப்பு கூட."
"கட்டி அப்படி."
"கடையை மாத்து."
"பார்க்கலாம்."

வாயைத் துடைத்துக் குடையை உயர்த்தினேன்.
துறைமுகம் பக்கம், எலுமிச்சைப் பனிக்கூழ், கடைசி நிறுத்தம்.
வழியில் பல் மருத்துவர் என்னோடு சேர்ந்துகொண்டார்:
அந்த ரொட்டியில் என்னென்ன இருந்தது?
மண்ணீரல், நுரையீரல், கொழுப்பு, என்றேன்.
பாலாடைக்கட்டியும்தானே?
சிலருக்கு.