ஏழாம் நிரல்

வீட்டு விஜயப் படிவத்தில்
ஏழாம் நிரல்: மாதச் செலவு.
அரிசி, மின்சாரம், மருந்து என்று
நான் கேட்கக் கேட்க
பவளராணி வேறு கணக்குச் சொல்கிறாள்.

பஸ் மதகோடு திரும்பிவிடும்.
உள்ளே வர ஓட்டோவுக்கு நானூறு.
நொச்சிவெட்டை என்று சொன்னால் அறுநூறு.
மூத்தவன் யுகேந்தன் கடையொன்றில் வேலை கேட்டுப் போனான்;
விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போதே
பேனாவைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம்.
சின்னவளுக்கு இழுப்பு வந்த இரவு
மூன்று ஓட்டோக்காரர் 'வாறன்' எண்டவங்க,
ஒருத்தரும் வரல்ல.
"அதையும் எழுதுங்ககா," என்கிறாள்.
"அந்த இரவுக்கு என்ன விலை போடுவீங்க?"

விடியமுன் கோட்டைப் பக்கம், மறுகா பஸார்,
கல்லடிப் பாலத்தடியில் மீன் செதிள்.
அவள் விளக்குமாறு போகாத தெரு
எனக்குத் தெரிய இல்லை.
எந்தத் தெருவிலும் தண்ணீர் கேட்டுக் குடித்ததில்லை;
போத்தலில் கொண்டுபோவாள்.

ஆறு வருடம்.
உள்வாங்கல் என்ற பெயரில் எத்தனை செயலமர்வு,
எத்தனை றோல்ஸ், எத்தனை பிளேன்டீ.
மதகைத் தாண்டி பஸ் வர
டிப்போவுக்கு எழுதிய கடிதம் பதினொன்று.
வந்தது. காலையில் ஒருதரம்,
மழை இல்லாத நாட்களில்.

போன மாதம்
என் ஒழுங்கையில் ஒரு வீடு வாடகைக்கு.
நான்தான் பவளராணிக்குச் சொன்னேன்.
வன்னியசிங்கம் சேர் போன் எடுத்தார்:
"பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆக்களோ?
எவ்விடம்?"

படிவங்களில் நூறுதரம் எழுதிய பெயர்
நாக்குக்கு வரவில்லை.
ரவுண் பக்கம்தான் என்று சொல்லப் பார்த்தேன்.
மூன்று விநாடி இருக்கும்.
குசினிக்குள் அம்மா
குழாயைப் பூட்டிவிட்டுக் காது கொடுத்தா.

பிறகு சொன்னேன்.
"ம்ம்," என்றார். "யோசிச்சுச் சொல்றன்."
அந்த மூன்று விநாடியும் செலவுதான்.
அதைக் கட்டியது நானில்லை.

இப்போது அவருடைய விறாந்தையில் இருக்கிறோம்,
நானும், பவளராணியும்,
சீலைத் தலைப்பில் முடிந்த மூன்று மாத முற்பணமும்.
அவள் கதிரையின் விளிம்பில்.
தேத்தண்ணி வந்தது,
எனக்குப் பீங்கான் கோப்பையில்,
அவளுக்குக் கடதாசிக் கோப்பையில்.
மாற்றி வைத்தேன்.
சேர் கண்டார். பேப்பரைப் புரட்டினார்.

சாவி அந்தப் பேப்பருக்கு அடியில்தான்,
வளையம் மட்டும் வெளியே தெரிகிறது.
ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போகவேணும் என்கிறார்.
போயிற்று வாங்க சேர்,
நாங்க இருக்கிறம்.