ஏழு மரக்கால்

தஞ்சாவூர் ஜெயிலில் எனக்குக் கொடுத்த வேலை
வாசிப்பது.
வாசித்துவிட்டு, அடிப்பது.
சர்க்கார் மை. காய நேரமாகும்.

சங்கம் என்று வந்தால் அடி.
கொடி என்றால், சிவப்பு என்றால் அடி.
குங்குமச் சிவப்பு என்று எழுதியவனுக்கும் அடித்திருக்கிறேன்,
அன்றைக்குத் தலைவலி.

எட்டாம் கொட்டடி பக்கிரி
உள்ளே வந்தபோது கைநாட்டு.
ஒன்பதாம் மாதம் தானே எழுதினான், மகளுக்கு.
வழுக்கும் வரப்பில் ஆள் போகிற மாதிரி
ஒவ்வொரு எழுத்தாக, விழுந்துவிடாமல்.

"செங்கமலம், நல்லாப் படி.
பகலெல்லாம் நடவு நட்டாலும்
ராத்திரி பல்லிக்கூடம் போ.
என்னைப் பார்க்கக் கடன் வாங்கி வராதே,
பஸ் காசுக்குச் சிலேட்டு வாங்கு.
பண்ணையாளு வந்து மிரட்டினால்"
(இங்கே இரண்டு வரி அடித்தேன்)
"கீழே ஒரு கணக்கு, போட்டு அனுப்பு.
பதினாலு நாள் அறுப்பு. நாளுக்கு நாலு படி.
மொத்தம் எத்தனை மரக்கால்?"

கணக்குத்தானே.
முத்திரை குத்தினேன்.

அன்று சாயங்காலம் நானும் எழுதினேன்,
கும்பகோணம் காலேஜில் என் பையனுக்கு:
கூட்டம் போடும் தெருவில் நடக்காதே,
பாஸ் பண்ணு,
நமக்குக் கடமைதான் பெரிசு.
அதை யாரும் அடிக்கவில்லை.
அடிக்க அதில் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கோட்டூரிலிருந்து கார்டு.
பென்சில்.

"அப்பா, வாய்க்காலில் தண்ணி வந்துருச்சு.
ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு செத்துப்போச்சு.
நீ பல்லிக்கூடம்னு எழுதியிருக்கே.
பள்ளிக்கூடம்.
அங்கே பல்லியும் இருக்கு.
கணக்கு: அம்பத்தாறு படி. ஏழு மரக்கால்.
நமக்கு அளந்தது ஆறு.
வாத்தியார் மறுபடி போடச் சொன்னார்.
போட்டேன், ஏழுதான்.
கணக்கு சரியா இருக்கு அப்பா.
மரக்கால்தான் சரியில்லை."

பேனாவைத் தொட்டு எடுத்தேன்.
சங்கம் இல்லை. கொடி இல்லை.
விதிப் புத்தகத்தில்
எட்டாம் வாய்ப்பாட்டுக்குத் தடை என்று எங்கும் இல்லை.
ஒற்றுத்தாள் ஓரத்தில்
நானும் ஒரு தடவை வகுத்துப் பார்த்தேன்.
மறுபடியும்.

அதற்குள் நுனியில் திரண்டிருந்த மை
சொட்டிவிட்டது, ஆட்டின் மேல்.
ஒற்றி எடுக்கப் போய்
குட்டிகள் வரைக்கும் பரவியது.

வார்டர் கை நீட்டினான்.
"விவகாரம் ஏதும் உண்டுங்களா?"

"இல்லை. அந்தக் கறை நான் போட்டது.
ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்காம்,
பக்கிரிகிட்டே சொல்லிடு."