நீலக் கோட்டுக்காரி

"சப்பாத்துக்குள்ளயா ஒளிப்பாள்?" என்றாள் விமலகாந்தி,
குண்டூசியை வாயில் கவ்வியபடி.
"முதல்ல கழட்டச் சொல்றதே அதத்தானேகா!"

சனிக்கிழமை, இரவு எட்டரை.
குருமண்வெளியில் என் தையல்கடை.
வெட்டுமேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு
ஐந்து பேர் பார்க்கிறோம்.
பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர்,
எண்பது வருடத்துக்கு முந்திய யுத்தம்.
நீலக் கோட்டுக்காரி
எல்லா அதிகாரிகளுக்கும் கோப்பி ஊற்றுவாள்,
ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தி கொடுப்பாள்.
குரல் தமிழில் வரும்,
வாய் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்.
உளவுகாரிக்கு அது பொருத்தம்தான் என்று
முதல் கிழமையே சிரித்தோம்.

மருதமுனையிலிருந்து துணிக்கட்டோடு வரும் சித்தி றமீஸா,
வெளியே ஓட்டோவில் புருசன் காத்திருப்பதை மறந்து
கோட்டைத்தான் பார்ப்பாள், முகத்தை அல்ல.
"அந்தக் காலத்தில ஏதுகா இந்த நைலோன் சிப்பு?
பொத்தானெல்லோ வெச்சிருக்கணும்."
சாந்தரூபிக்கு உதட்டுச் சாயத்தில் கோபம்.
ரெண்டு நாள் நிலவறையில் கட்டிவைத்தும்
ஒரு நூல் அழியவில்லையாம்.
விசாரிக்கிற அதிகாரியோ நல்ல வடிவு.
"இவன் கேட்டா நான் அடி வாங்காமலே
எல்லாத்தையும் சொல்லிருவன்" என்றாள்.
மெசின் எண்ணெய்ப் போத்தல் உருண்டு விழுமட்டும்
சிரித்தோம்.

பதினோராம் அங்கத்தில்
சாயக்குழலுக்குள் படச்சுருளைச் செருகிக்கொண்டு
அவள் பாலத்தைக் கடந்தாள்.
இசை இடித்தது.
எங்களில் ஒருத்தியும் மூச்சைப் பிடிக்கவில்லை.
பட்டிருப்புப் பாலத்தில்
கொண்டைக்குள் நாலு பற்றறியோடு
விமலகாந்தி வரிசையில் நின்ற நாளில்
இசை ஒன்றும் வரவில்லை.
பின்னால் மீன்பெட்டிக்காரன் ஒருத்தன் தும்மினான், அவ்வளவுதான்.
படுவான்கரையில் அப்பாவுக்கு
ரேடியோவில் செய்தி கேட்க வேண்டியிருந்தது.
"எனக்கு ஆரு பதக்கம் தந்த?"
என்று கேட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

மங்களநாயகி மட்டும் கதைப்பதில்லை.
பொத்தான் துளை தைப்பாள்.
இருபது கிழமையாக
திரையை ஒரு கண்ணாலும்
துளையை ஒரு கண்ணாலும் பார்த்தபடி.

இன்றைக்குக்
கோட்டுக்காரியைக் காரில் இருத்தினார்கள்.
முகத்துக்குக் கறுப்பு வலை.
சந்தைக்கு வந்த சனத்தையெல்லாம்
ஒவ்வொருத்தராய் அந்தக் காருக்கு முன்னால் நடத்தினார்கள்.
பாண் வாங்க வந்த பெடியன் ஒருத்தன்.
கிழவன் ஒருத்தன்.
அவள் தலையாட்டினாள்.

சாந்தரூபியின் அண்ணன்
அப்படி ஒரு வரிசையில் நடந்துதான் போனவன்.
அதை ஊர் அறியும். நாங்கள் கதைப்பதில்லை.
ரிமோட் என் கையில்தான் இருந்தது.
அமத்தலாமா என்று நினைக்கிறேன்,

"சாக்குக்குள்ள சரியான வெக்கை,"
என்றாள் மங்களநாயகி.
"சீனி மணக்கும். மூச்சு முட்டும்.
கண்ணுக்கு வெட்டின ஓட்டை
எப்பவும் கண்ணுக்கு நேரா நிக்காது."

திரையில் இருந்தது வலை.
சாக்கு இல்லை.

சவர்க்கார விளம்பரம் வந்தது.
ஒருத்தி வெள்ளைச் சட்டையை உதறிக் காட்டினாள்.
றமீஸாவின் புருசன் ஹோன் அடித்தான்,
அவள் எழும்பவில்லை.
விமலகாந்தி வாயிலிருந்த ஊசிகளை
ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.
மங்களநாயகி முடிச்சுப் போட்டு, நூலை அறுத்து,
சட்டையை மடித்து
என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

வாற சனி கடைசி அங்கம்.
அவளிடம் என் பள்ளிக்கூடச் சட்டை நாற்பது கிடக்கிறது.
அவள் கொண்டுவர வேண்டும்,
இல்லாவிட்டால் நான் போக வேண்டும்.

நேற்று மத்தியானம் சாந்தரூபி வந்தாள்.
இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.
வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"அந்தக் கோட்டுக்காரி
தலையாட்டாம இருந்திருந்தா
அவள என்ன செய்திருப்பானுகள்?"

"கதைதானேகா" என்றேன்.

"கதையைத்தான் கேக்கிறன்."