விளாவுதல்

குளச்சல் சுகாதார நிலையத்தில் என் முதல் வாரம்.
ஐஸ் கம்பெனி வியாகுலதாஸ்
கம்பளி போர்த்தி வந்து உட்கார்ந்தார்.
“மூணு நாளாட்டு பனி, சிஸ்டரே.”

நான் ஆரணிக்காரி.
பனி என்றால் எனக்கு
மார்கழி விடியலில் சைக்கிள் சீட்டிலிருந்து
உள்ளங்கையால் வழித்து எறிவது.
“ஐஸ் ரூமில் ஸ்வெட்டர் போடுவதில்லையா?” என்றேன்.
வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில்
ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

அக்குளில் வைத்த கருவி
நூற்றிரண்டு புள்ளி நாலு என்றது.

இந்த ஊரில் பனி என்பது காய்ச்சல்.
என் ஊர்க் குளிரை எடுத்து
உடம்புக்குள் வைத்துக் கொதிக்க விட்டிருக்கிறார்கள்.

பதிவேட்டில் கட்டத்தின் பெயர் வெப்பநிலை.
எட்டிப் பார்த்தார்.
“எங்க கம்பெனி நோட்டிலயும் இதே வார்த்தையாக்கும்.
உப்புத்தண்ணித் தொட்டிக்கு மணிக்கொருக்க எழுதணும்,
வெப்பநிலை மைனஸ் பத்துண்ணு.
பூஜ்யத்துக்கும் கீழ கிடக்கு.
அதுல எங்க இரிக்கு வெப்பம்?”

தெரியவில்லை.
பாரசிட்டமால் பத்து கொடுத்தேன்.

“டெம்பரேச்சர் இருக்கா?”
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்கிறேன்.
இல்லாதவர் யார்?
பிணவறையில் கிடப்பவருக்கும் உண்டு,
சுவரோடும் மேசையோடும்
சமாதானமாகிவிட்ட ஒன்று.

அன்றிரவு கரண்ட் போன அறையில்
கைபேசி வெளிச்சத்தில் தேடினேன்.
லத்தீனில் அதன் வேருக்குச் சூடு என்று பொருளே இல்லை.
அளவறிந்து கலப்பது, அவ்வளவுதான்.
மதுவில் தண்ணீர் சேர்ப்பதுபோல.
நெருப்பு பின்னால் வந்து
அந்த வீட்டில் குடியேறியிருக்கிறது.
நாமோ மொழிபெயர்க்கும்போது
குடிவந்தவன் பெயரையே
வாசலில் எழுதிவிட்டோம்.

ஆடியில் மறுபடி பார்த்தேன் அவரை.
துறைமுகத் தெருவில் பிரசவம் முடிந்த வீடு,
இருபத்தோராம் நாள் பரிசோதனை.
வெளியே சாரல். ஓட்டில் காற்று தட்டிக்கொண்டிருந்தது.
பிளாஸ்டிக் தொட்டி முன் குந்தியிருந்தார்
நாலு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு வந்த
ஐந்தாவது பெண்ணின் தகப்பன்.

செம்பில் வெந்நீர், வாளியில் பச்சைத்தண்ணீர்.
ஊற்றினார். கலக்கினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.
பிறகு சட்டையைச் சுருட்டி
முழங்கையை முக்கினார்.

“கை வேண்டாமா?”

“ஐஸ் பிடிச்ச கையாக்கும். நம்பப்பிடாது.
இதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

உள்ளேயிருந்து ஸ்டெனிலா கேட்டாள்,
“வெளாவியாச்சா? பதமா இரிக்கா?”

பதம்.
பக்குவத்துக்கும் சொல்லுக்கும்
நம்மிடம் ஒரே பெயர்.
பேனாவை மூடிவிட்டு
நானும் முழங்கையை விட்டுப் பார்த்தேன்.
சூடு என்று சொல்ல வராது,
குளிர் என்றும் வராது.
என் தோல் எங்கே முடிகிறது
தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று
ஒரு நொடி பிடிபடவில்லை.

படிவத்தில் குழந்தைக்குக் கட்டம் இருந்தது,
முப்பத்தாறு புள்ளி எட்டு எழுதினேன்.
தண்ணீருக்கு இல்லை.

தொட்டியில் இறக்கியதும்
காலை இரண்டு தரம் உதைத்துவிட்டு
அது பாட்டுக்கு
மூத்திரம் போனது.