ன் வந்தால் அவுட்

வியாழன் இரவுக்குப் பாட்டு தேர்வது என் வேலை.
கேஷ் கவுன்டரும் என் வேலைதான்,
மைக்குக்கு உறை மாட்டுவதும்.
மனாமா, ஹூரா, மூன்றாம் மாடி.
லிஃப்ட் இரண்டோடு நின்றுவிடும்.

ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்தது
திரையில் நிறம் மாறும் எழுத்துகள் மட்டும்.
காதால் பிடித்து
பில் தாளின் முதுகில் தமிழில் எழுதிக்கொள்வேன்.
உமி என்றால் கடல்.
அமே என்றால் மழை, மிட்டாயும் அதுவே.
எது என்பதைப் பாடுகிறவர் முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

விதி சின்னது:
பாட்டின் கடைசி எழுத்தில் அடுத்த பாட்டு பிறக்கவேண்டும்.
இது அந்தாதிதானே, ஏழாம் வகுப்பில்
அடிக்கு ஒரு அடி வாங்கிப் படித்தேன் என்றேன்.
ரோவெனாவுக்குப் புரியவில்லை.
யாருக்குமே புரியவைக்க முடியாத நகைச்சுவை ஒன்று
இந்த ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது.

ன் வந்தால் அவுட்.
அந்த எழுத்தில் அவர்களுக்கு எந்தச் சொல்லும் தொடங்காதாம்.
எங்களுக்கும்தான்,
அதற்காக யாரையும் வெளியே அனுப்பியதில்லை.

அதனால் முடிவை முதலில் கேட்கிறேன்,
பிறகுதான் ஆரம்பத்தை.
நல்ல மெட்டு, குரல் கமறாத உயரம்,
மூன்று நிமிடம் ஐம்பது வினாடி,
கடைசியில் ஒரு ன்.
தூக்கிப் போடு.

ராக் பாட்டு ஒன்று கத்தலில் முடிந்தது.
கத்தலுக்கு எழுத்து உண்டா?
ஷிமோமுராவிடம் கேட்டேன்,
கடலை உப்பு நீக்கும் ஆலையில் குழாய் பார்க்கிறவர்,
வாராவாரம் அதே மூலை.
அவித்த பயற்றின் தோலைத் தட்டில் வரிசையாக அடுக்கியபடி
"ஆ" என்றார்.
"வலித்தாலும் ஆ, கோல் விழுந்தாலும் ஆ."

ரு-வில் முடிகிறவை கணக்கில்லை.
ரு-வில் தொடங்குபவை இரண்டே.
ஒன்று ன்-னில் முடிகிறது, பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.
மற்றதை அவருக்காக ஒளித்து வைத்தேன்,
மெஸ்ஸில் சமையல்காரர் வேண்டியவனுக்கு
வஞ்சிரத் துண்டை ஒளிப்பதுபோல.

கூட்டமில்லாத ஒரு செவ்வாய், பெயர் வைத்து ஆடினோம்.
ரோவெனா தப்பித்தாள். ஷிமோமுராவும்.
செல்ஸ்டின் என்றேன்.
இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.
பஹ்ரைன் அவுட். ஓமான் அவுட்.
"நிஹோனும் அவுட்" என்றார், "அது என் நாடு."
தமிழில் நான் என்று வாயெடுத்தாலே அவுட்.
டிஷ்யூ தாளில் என் பெயரை எழுதிக் காட்டினார்:
கடைசி எழுத்து ஒரு சாய்கோடு, அதன் தலைமாட்டில் புள்ளி.
எங்கள் ன்-னுக்கும் தலையில் புள்ளிதான் என்று
பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

அக்டோபரில் ஒரு வியாழன்.
கண்ணாடிக்கு வெளியே வியர்த்துக்கொண்டிருந்தது ஊர்.
எட்டு மணியிலிருந்து என் கவுன்டருக்குப் பின்னால்
சாம்பல்நிறப் பெட்டி ஒன்று.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
பத்தரைக்கு ரு அவர் பக்கம் வந்தது.
ஒளித்ததைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினேன்.
அவர் ரிமோட்டை எடுத்து
வேறொரு எண்ணை மனப்பாடமாய் அழுத்தினார்,
நான் எடுத்துப் போட்ட பாட்டு.

மெதுவான பாட்டு.
ஓர் இடத்தில்கூட அவசரப்படவில்லை.
முடிவுச் சொல் ஜிகான்.
நேரம் என்று பொருள்,
பில் முதுகில் எப்போதோ எழுதியிருக்கிறேன்.
"அவுட்!" என்று அறை முழுக்கக் கூச்சல்.
இயந்திரம் எழுபத்தொரு மதிப்பெண் போட்டது.
மைக்கைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தார்.

பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன்,
ஒரு மாடி படி, இரண்டு மாடி லிஃப்ட்.
டாக்ஸிக்காரருக்கு ஏர்போர்ட் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து மைக் உறையைக் கழற்றினேன்.
பணத்தோடு பில் தாள் மடிந்து கிடந்தது.
பின்புறம் அவர் எழுத்தில் என் பெயர்.
கடைசியில் சாய்கோடு மட்டும்.
புள்ளி இல்லை.

செல்ஸ்டி, நோ.
பக்கத்து அறையில் மணி அடித்தார்கள், பெப்சி கேட்டு.
இருங்கள் என்றேன்.
நோ-வில் தொடங்கும் பாட்டு
ஏதாவது இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.