வெற்றுப் பொத்தான்

யானையைக் காட்டி விலை சொல்லி
அங்குசத்துக்குத் தனிக்கணக்கு எழுதும் தொழில் எனது.
ஊர் டுலூத். மாதம் ஜனவரி.
ஏரியிலிருந்து கிளம்பும் காற்று
ஷோரூம் கதவைத் திறக்காமலே உள்ளே வந்து
என் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்க்கும்.

மார்லிஸ் ஹெக்லண்ட் வந்தாள்,
முப்பத்தோரு வருஷம் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டி
டிசம்பரில் ஓய்வு பெற்றவள்.
பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு
நேராக அதனிடம் போனாள்.
சாம்பல் நிற செடான்.
அந்த வரிசையிலேயே விலை குறைந்தது.
முகப்பில் மட்டும்
மற்றதுக்கெல்லாம் உள்ள அதே வெள்ளி இலச்சினை.

உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.
திறந்தாள். மறுபடி சாத்தினாள்.
கனத்த புத்தகத்தை மூடுகிற ஓசை.
"இது நல்லா இருக்கு" என்றாள்.

அப்புறம் கியருக்குப் பக்கத்தில்
ஒரு பொத்தானை அழுத்தினாள்.
படமில்லை, எழுத்தில்லை,
விளக்கும் எரியவில்லை.
"இது என்ன செய்யும்?"
"ஒன்றும் செய்யாது."
"அப்ப ஏன் இருக்கு?"
"இருக்கைச் சூடு வாங்கியவர்களுக்கு
அந்த இடத்தில் இருக்கைச் சூடு."
"வாங்காதவங்களுக்கு?"
"அந்த இடம்."

அவள் சிரிக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள்,
பிள்ளைகளை இருக்கை இருக்கையாக எண்ணிப் பழகிய கண்.
ஐந்து வெற்றுப் பொத்தான்கள்.
ஐந்தாவது எதற்கென்று எனக்கே தெரியாது.

"வெளியே நிக்குதே என் பழைய வண்டி,
அடியெல்லாம் துரு, பதினொரு வயசு,
அதுல இருக்கையும் சூடாகும், ஸ்டீயரிங்கும் சூடாகும்.
வாங்கும்போதே கூட வந்தது."
"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல.

"சூடு போகட்டும். எனக்கு வேண்டியது சத்தமில்லாமை.
இத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னால
நாற்பத்தெட்டுப் பிள்ளைங்க."
இரட்டைக் கண்ணாடி ஜன்னல்
நிசப்தப் பொதியில்தான் வருகிறது என்று
சொல்ல வேண்டியதாயிற்று.
ஆயிரத்து எழுநூறு டாலர். வரி தனி.

ஏரிக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள்.
நான் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன்,
உத்தரவாதத்தைப் பற்றி,
மாதத் தவணை எவ்வளவு லேசு என்பதைப் பற்றி.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து,
"டென்னி" என்றாள்,
"நீ பேசாம இருக்கிறது எந்தப் பொதியில வரும்?"

பேசாமல் இருந்தேன்.
டயருக்கடியில் உப்பு நொறுங்கியது.
ஜன்னலோரம் காற்றின் மெல்லிய சீழ்க்கை.
உறைந்த ஏரிமேல் வெயில்,
வெளிச்சம் மட்டும் உண்டு, சூடு கிடையாது,
அதுவும் அடிப்படை மாடல்தான்.
ஒன்பது மைல்.
பதினாறு வருஷத்தில் ஒரு காருக்குள்
எதையும் விற்காமல் நான் உட்கார்ந்திருந்தது
அதுதான் முதல் தடவை.

திரும்பியதும்
அவள் பழைய வண்டியை மதிப்பிடப் போனேன்.
குறைத்து எழுதுவது வழக்கம்.
கதவு தகர டப்பா போலச் சாத்திக்கொண்டது.
சாவியைத் திருப்பினேன்.
இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மைல்.
அவள் அணைக்காமல் விட்டிருந்த சூடு
அரை நிமிஷத்தில் இடுப்புக்கடியில் ஏறியது,
கேட்காமல் மடியில் வந்து படுக்கும் பூனை போல.
நானூறு டாலர் கூட்டி எழுதினேன்.
குளிரில் கை நடுங்கி எண் மாறிவிட்டது என்று
மேலாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.
செடானின் கதவை
இன்னொரு தரம் திறந்து சாத்திப் பார்த்தாள்.
"திங்கட்கிழமை சொல்றேன்."

இன்று புதன்.
சாம்பல் செடானை வெளியே நிறுத்திவிட்டார்கள்.
காலையில் அதன்மேல் பனியை வழித்தெடுத்துவிட்டு
உள்ளே ஏறி உட்காருகிறேன்.
ஐந்தாவது பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன்.
என் மூச்சே கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது.

கதவை மட்டும் தனியாக விற்க முடிந்திருந்தால்
அன்றைக்கே விற்றிருப்பேன்.