கால்வாசி

விற்கும்போது ரதிம் சொன்னான்:
"அப்பா இதில் பறப்பார்.
மொராவியா முழுக்க அவர் கிளப்பிய புழுதிதான்."
எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜாவா.
முழங்கால்கள் பட்டுப் பட்டு
டேங்கின் இரண்டு பக்கமும் சிவப்பு வெளிறியிருந்தது.

பறக்கவில்லை. விக்கியது.
நின்ற இடத்தில் நல்ல பிள்ளை,
முழுக்க முறுக்கினால் சீறிக்கொண்டு போகும்.
இடையில் ஓரிடத்தில் மட்டும்
கிறிஸ்துமஸ் கெண்டையின் முள்
தொண்டையில் மாட்டினாற்போல்
குளுக் குளுக்கென்று திணறும்.

பிளக்கை மாற்றினேன். மூன்று தடவை.
மூன்றும் அடுப்புக்கரியாய்த் திரும்பி வந்தன.
கீழ்வீட்டு ஸ்திஸ்லவா
காயப்போட்ட போர்வைகளை வாரிக்கொண்டு போய்
ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
அதுவும் ஒரு நோய்க்குறிதான்.
தேதி போட்டு எழுதி வைத்தேன்.

கைப்பிடியில் வெள்ளை டேப் சுற்றி
கால், அரை, முக்கால் என்று கோடு கிழித்தேன்.
நீர்த்தேக்கச் சாலையில்
ஒவ்வொரு கோட்டிலும் மணிக்கட்டை இறுக்கி
ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன்.
விக்கல் கால் கோட்டில் குடியிருந்தது.
அரையைத் தாண்டினால் ஆளையே காணோம்.

நிலவறை. நாற்பது வாட் பல்பு.
இன்டேக் ரப்பரைச் சுற்றி ஸ்பிரே அடித்தேன்,
இன்ஜின் சத்தம் மாறவில்லை:
காற்று திருடு போகவில்லை.
மிதவையைக் காதருகே குலுக்கினேன்,
உள்ளே எதுவும் தளும்பவில்லை.
ஸ்லைடு கூட்டுக்குள் கொஞ்சம் ஆடியது,
இந்த வயசுக்கு அதை மன்னிக்கலாம்.

அப்புறம் ஊசி.

நுனியிலிருந்து மேலே நகத்தை ஓட்டினேன்.
வழுக்கிக்கொண்டே வந்த நகம்
மேல்பாதியில் ஓரிடத்தில் தடுக்கியது.
கண்ணாடி வைத்துப் பார்த்தால்
மோதிரம் கழற்றிய விரலில் போல
ஒரு சின்னப் பள்ளம்.
அது உரசிய பித்தளை ஜெட்டை
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வட்டமாய்ப் பிறந்த வாய்
முட்டையாகியிருந்தது.
அந்த மயிரிழை இடைவெளியில்தான்
கேட்காத பெட்ரோல் ஏறி வந்திருக்கிறது.

பறக்கிறவன் ஊசி நுனியில் தேயும்.
இதன் நுனியோ நேற்றுக் கடைந்ததுபோல் மினுங்கியது.
தேய்ந்ததெல்லாம் மேலே, ஒரே உயரத்தில்,
கால்வாசியில்.

அப்படியானால், ஒத்தாகர்,
நீங்கள் நாற்பதில் போயிருக்கிறீர்கள்.
வருஷக்கணக்காக, நாற்பதேதான்.
சைடுகார் பூட்டிய தழும்பு
சட்டத்தில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.
பின்னால் பயந்த யாரோ
உங்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
அல்லது வீடு போய்ச் சேர
உங்களுக்கு அவசரமில்லை.

ரதிம் போனில் கேட்டான்: "எது போயிருந்தது?"
"ஊசியும் ஜெட்டும்."
"ஓட்டின ஓட்டு அப்படி!"
குரலில் பெருமை வழிந்தது.
"ஆமாம்" என்றேன்.
அதில் பொய் ஒன்றுமில்லை.

பிர்னோவிலிருந்து காகித உறையில்
புது ஊசி வந்தது, புது ஜெட் வந்தது.
பிளக் இப்போது பிஸ்கட் நிறம்.
ஸ்திஸ்லவாவின் போர்வைகள்
மறுபடி வெளியே ஆடுகின்றன,
என்னிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.

ஞாயிறு காலை எல்லாக் கோடுகளிலும் ஓட்டினேன்.
கால், அரை, முக்கால், முழுசு.
எங்கேயும் விக்கலில்லை.
திரும்பி வருகையில், பாலம் தாண்டி,
சாலைக்கு இரண்டு பக்கமும்
ஆப்பிள் மரங்கள் தொடங்குகிற இடத்தில்
என் கை கேட்காமலே கால் கோட்டுக்கு இறங்கியது.
அங்கேயே நின்றது,
மரங்கள் தீரும்வரை.

டேப்பை இன்னும் பிரிக்கவில்லை.